வலிக்கலை, மைனி

அக்கா, இன்றைக்குக் காலையில் பிசியோதெரபியில் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "உனக்கு எந்த மருந்தும்மா கேட்டுச்சு?" என்று. நான், "எல்லாமே ஓரளவு நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றேன். அதற்கு மேல் உங்களால் கேட்க முடியவில்லை. உங்கள் மெஷின் கூவிவிட்டது, பிசியோதெரபி பார்க்கிற பெண் வந்து உங்கள் முதுகில் ஒட்டியிருந்ததையெல்லாம் பிய்க்க ஆரம்பித்துவிட்டாள். போகும்போது என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

குப்புறப் படுத்து, நெஞ்சுக்குக் கீழே தலையணை வைத்து, போனில் ஒற்றை விரலால். வீடு தூங்குகிறது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொல்லிச் சொல்லித்தான் என் விஷயம் இவ்வளவு தூரம் வந்தது.

எல்லாமே நல்லாத்தான் இருந்தது என்றேனே, அது பொய்கூட இல்லை அக்கா, பழக்கம். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். காலையில் சிஸ்டர் வகுப்புக்குள் வந்து, "ஹவ் ஆர் யூ, சில்ட்ரன்?" என்பார். நாங்கள் எழுந்து நின்று, பாட்டு மாதிரி இழுத்து, "வி ஆர் ஃபைன், தேங்க் யூ, சிஸ்டர்" என்போம். காய்ச்சலோடு வந்தவளும் ஃபைன்தான். பாவாடையின் பின்பக்கம் கறையோடு நின்றவளும் ஃபைன்தான். வலித்தால் வெளியே சொல்லக்கூடாது, செத்த பிறகு மோட்சத்துக்குப் போக முடியாமல் பாவம் தீரக் காத்துக்கிடக்கிற உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும். என் இடுப்பு வலியை நான் ஒப்புக்கொடுத்த கணக்குக்கு இந்நேரம் உத்தரிக்கிற ஸ்தலமே காலியாகியிருக்கணும்.

வலி வந்தது எலிசா பிறந்த பிறகு. எலிசா என் மகள். ஞானஸ்நானத்தில் எலிசா, வீட்டில் எலி. அவளுக்குத் தலை நின்றது, எனக்கு இடுப்பு நிற்காமல் போனது. தொட்டிலில் இருந்து அவளைத் தூக்கக் குனிந்தேன், குனிந்தபடியே நின்றுவிட்டேன். இவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரர் டெரன்ஸை, துறைமுகத்தில் கன்டெய்னர் ஆபீசில் வேலை. இவர் வந்து பார்த்துவிட்டு, "எதைத் தேடுற ஜெனிட்டா?" என்றார்.

நாத்தனார் பற்றிச் சொல்லாவிட்டால் கதை உங்களுக்குப் புரியாது. இவருடைய அக்கா, கொரெற்றி மைனி. திருநெல்வேலியில் இருக்கிறார்கள். மகன்கள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து மைனிக்குக் கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற கை எங்கே வரும்? எனக்கு வலி என்று கேள்விப்பட்டதும் அடுத்த பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார்கள். எலியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அவள் உடனே தூங்கினாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. பிறகு ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்கள், "உனக்கு வலி தீருத வரைக்கும் பிள்ளையை நான் கொண்டுபோய் வச்சிருக்கேன்" என்று.

அவ்வளவுதான். என் மகள் யாரை முதலில் அம்மா என்று கூப்பிடுவாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வலி கிடையாது. அதாவது, யார் கேட்டாலும் கிடையாது.

மைனியின் சூழ்ச்சிகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை தவறாமல் வருவார்கள், பை நிறைய நொச்சி இலையோடு. அதை வதக்கித் துணியில் கட்டி எனக்கு ஒத்தடம் கொடுப்பார்கள். நான் நன்றாகச் சூடேறித் தூங்கிப்போவேன். எழுந்து பார்த்தால் எலி அவர்கள் மடியில் இருப்பாள். புரிகிறதா? இடுப்புக்கு பெல்ட் ஒன்று வாங்கி வந்தார்கள். உராயக்கூடாது என்று பழைய பருத்திச் சேலையைக் கிழித்து உள்பக்கம் தைத்திருந்தார்கள். அளவு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். நான் தூங்கும்போது அளந்திருக்கிறார்கள். என்ன துணிச்சல்!

நானும் சும்மா இருக்கவில்லை. மைனிக்குத் தெரியாமல் நானே குணமாகிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஃபுட்பால்காரர்கள் அடித்துக்கொள்கிற ஸ்ப்ரே வாங்கினேன். எலி என்னை முகர்ந்துவிட்டுத் தும்மினாள். முள்ளு முள்ளாக இருக்கிற செருப்பு வாங்கினேன். போட்டு நடந்தால் இடுப்பு வலி மறந்துபோகும் என்றார்கள், உண்மைதான், உள்ளங்கால் வலியில் வேறெதுவும் ஞாபகம் இல்லை. மாடி வீட்டு சேவியர் அங்கிள் காந்த மெத்தை விற்கிறார். "ரத்தத்துல இருக்கிற இரும்பையெல்லாம் அது ஒழுங்கா வரிசையில நிப்பாட்டும்மா" என்றார். அசெம்பிளியில் வரிசையாக நின்று வளர்ந்தவள் நான், கேட்டதும் ஒரு மரியாதை வந்துவிட்டது. சோதனைக்கு என்று அவர் வீட்டு மெத்தையில் என்னைப் படுக்க வைத்தார்கள். படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. ஆன்ட்டியும் அங்கிளும் சேர்ந்து தூக்கினார்கள். அப்போதும் நான் சொன்னது, "ரொம்ப நல்லா இருந்துச்சு அங்கிள், தேங்க் யூ."

டாக்டரிடம் போகவில்லையா என்பீர்கள். போனேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் யார்? இவர். இவர் தன் அக்காவிடம் சொல்லாத விஷயம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல என்று ஒதுக்கி வைத்தது மட்டும்தான், மற்றதெல்லாம் அன்றன்றைக்கு போனில் போய்விடும். எலும்பு டாக்டர் கேட்டார், "வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?" நான் புன்னகையோடு, "டூ, டாக்டர்" என்றேன். "ஜஸ்ட் மைல்ட் பெயின்." டூவுக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. தேய்க்கிற மருந்தும், நடங்கள் என்ற புத்திமதியும்.

அடுத்த முறை அவரே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வட்டு பிதுங்கி நரம்பில் இடிக்கிறது என்று வந்தது. டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இந்தப் படத்துக்கு நீங்க இவ்வளவு சிரிச்ச முகமா இருக்கீங்களே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. பரீட்சையில் பாஸான மாதிரி.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டைக் கடித்தபடி அழுதேன். பயம். வலிக்காக இல்லை. இடது பாதத்தில் பெருவிரல் பக்கம் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு தடவை செருப்பு கழன்று கிடக்க, கோயில் படி வரை அது தெரியாமலே வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். இது படுத்த படுக்கையாகப் போகிற வழி என்று நினைத்தேன். அம்மா படுக்கையில், பிள்ளை திருநெல்வேலியில். இவர் இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில்.

இனி எலியைக் குளிப்பாட்டுகிற கதை. நம் பக்கத்தில் எப்படிச் செய்வோம்? சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நேரே நீட்டி, கணுக்கால் மேல் பிள்ளையைப் போட்டு ஊற்றுவோம். எலி உட்காருகிற வயதுக்கு வந்துவிட்டாள், டப்பில் உட்கார வைக்கலாம் என்று மைனி சொன்னார்கள். சொன்னது மைனியாயிற்றே. நான் காலில் போட்டுத்தான் குளிப்பாட்டுவேன் என்றேன். அந்த மாதிரிக் காலை நீட்டி உட்கார்ந்தால் எனக்கு உயிர் போகும். போனால் போகிறது, பிள்ளையை என் காலில் போட்டது நான் என்று இருக்குமே.

அன்றைக்கு சனிக்கிழமை. மைனி வெந்நீர் போட்டு வாளியில் ஊற்றிவிட்டு, "விளாவிக்கோட்டி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். நான் பச்சைத் தண்ணீர் கலந்து விளாவினேன். முதல் கப்பை என் காலில் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். கையை விடக் கால் சரியாகச் சொல்லும் என்று எங்கள் அம்மா பழக்கியது. இடது காலில் ஊற்றினேன். இதமாக இருந்தது. அடுத்த கப்பை எலியின் முதுகில் ஊற்றினேன்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

மைனி எப்படி வந்தார்கள் என்றே தெரியாது. பிள்ளையைப் பறித்துக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்தார்கள், தேங்காய்ப்பூ மாதிரி இருக்கிற முதுகு செக்கச்செவேல் என்று இருந்தது. கொப்புளம் வரவில்லை, மாதாவுக்குத் தோத்திரம், சாயங்காலத்துக்குள் சிவப்பும் போய்விட்டது. ஆனால் அப்போது யாருக்குத் தெரியும்? மைனி வாளிக்குள் கையை விட்டார்கள், வெடுக்கென்று எடுத்தார்கள். பிறகு என் காலைப் பார்த்தார்கள். என் காலும் அதே சிவப்பு.

"ஏட்டி, உனக்கு உறைக்கலையா?"

"கொஞ்சம் சூடாத்தான்..."

"உறைச்சுச்சா, இல்லையா?"

"இல்லை மைனி."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எலியைத் துண்டில் சுற்றி இவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். "பொறப்படு" என்றார்கள்.

வலிக்கு மட்டும் பார்க்கிற ஒரு லேடி டாக்டர். அவரும் அதே கேள்விதான், பத்துக்கு எவ்வளவு. நான் இந்த முறை பெரிய மனது பண்ணி, "த்ரீ, டாக்டர்" என்றேன். மைனி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இவ சொல்லுததை எழுதாதீங்க டாக்டர். வெந்நிய ஊத்திக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தவ இவ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எப்படி வலிக்கிறது என்று விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார். நான், "இட் இஸ் எ கைண்ட் ஆஃப்..." என்று ஆரம்பித்தேன், அதோடு நின்றது. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்த என் இங்கிலீஷில் வலிக்கு இரண்டே வார்த்தைதான் இருந்தது அக்கா. பெயின், சிவியர் பெயின். இரண்டுமே லீவ் லெட்டரில் எழுதுவது. மைனி என் முழங்கையைத் தட்டினார்கள். "தமிழ்ல சொல்லுட்டி. குடையுதா, குத்துதா, இழுக்குதா?"

திறந்துகொண்டது. "குடையும் டாக்டர், முதுகெலும்புக்குள்ள யாரோ திருப்புளி போட்டுத் திருகுத மாதிரி. தும்முனா சுரீர்னு பின்தொடை வழியா குதிகால் வரைக்கும் கரண்ட் ஓடும். பாதம் மதமதன்னு இருக்கும், எறும்பு ஊரும், அப்புறம் மிளகா அரைச்ச கை மாதிரி காந்தும். காலை நீட்டி உக்காந்தா நரம்பைப் பிடிச்சு யாரோ கயிறு இழுக்காங்க. பெருவிரல் இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாக்கணும், குனிய முடியாது, அதனால எலிகிட்டதான் கேக்கணும்" என்று என்னென்னவோ. எலி யார் என்று டாக்டர் கேட்டார். மைனி, "பிள்ளைதான், நீங்க எழுதுங்க" என்றார்கள். டாக்டர் எழுதினார். காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் அங்கங்கே குத்தித் தெரிகிறதா என்றார். பல இடத்தில் தெரியவில்லை.

"இது நரம்பு வலிம்மா. சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காது. இதுக்கு மருந்து வேற" என்றார். கூடவே, சிறுநீர் அடக்க முடியாமலோ போக முடியாமலோ ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். நீங்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எனக்குக் கேட்ட மருந்தின் பெயரை எழுதமாட்டேன், நீங்களாக வாங்கிப் போட்டுவிடுவீர்கள், உங்கள் வலி வேறாக இருக்கும். டாக்டரிடம் போங்கள். போகும்போது உங்களைக் கொஞ்சமும் நம்பாத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் டாக்டர் சீட்டை நீட்டும்போது கேட்டார், "பால் குடுக்கறீங்களா?"

கொடுக்கிறேன் என்றேன். அப்படியானால் இந்த மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்னால் பாலை நிறுத்திவிடுவது நல்லது என்றார். எட்டு மாதம் ஆகிறது, பிள்ளைக்கு வேறு ஆகாரம் கொடுக்கலாம், யோசித்துச் செய்யுங்கள் என்றார்.

நான் என்ன யோசிக்க? தூக்குவது இவர். குளிப்பாட்டுவது இனிமேல் மைனி. தோளில் போட்டு நடப்பது மாடி வீட்டு ஆன்ட்டி. நான் படுத்தபடியே செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான். அதை மைனியால் செய்ய முடியாது என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மாத்திரை பிரிட்ஜுக்கு மேலேயே கிடந்தது. மைனி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுவும் ஒரு தந்திரம்.

பிறகு ஒருநாள் மத்தியானம், எலி ஒருக்களித்துப் படுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். காலால் என் வயிற்றை உதைத்துக்கொண்டு, ஒரு கையால் என் தாலிச் செயினைத் திருகிக்கொண்டு. எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிப் பார்த்தேன். வந்துவிட்டது. சுரீர் என்று இழுத்ததில் உடம்பு தூக்கிப்போட்டது, நான் கத்திவிட்டேன். பிள்ளை காம்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துப் பயந்து, ஓசையில்லாமல் பின்பக்கமாக நகர்ந்தாள். மறுபடியும் பக்கத்தில் இழுத்தேன். வரவில்லை.

அன்றைக்கு நானே மைனிக்கு போன் போட்டேன்.

"மைனி, வந்து பிள்ளையைக் கொண்டுபோங்க."

"பால் மறக்குத வரைக்கும்தான்ட்டி" என்றார்கள். "நானா வச்சுக்கிடப் போறேன்?"

அதையும் நம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலியின் கவுன்களை மடித்துப் பையில் வைத்தேன். அவளுக்குப் பிடிக்காத கவுனாகப் பார்த்து இரண்டு வைத்தேன், அங்கே ரொம்ப சந்தோஷமாக இருந்துவிடக் கூடாதே. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தாளா என்று இவரிடம் கேட்டேன். தூங்கிவிட்டாள் என்றார்.

மாத்திரை போட்டேன். முதலில் தலைதான் சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு குடிகாரி மாதிரி நடந்தேன். அப்புறம் மெல்ல, யாரோ ரேடியோவின் சத்தத்தைத் திருகிக் குறைத்த மாதிரி, அந்தக் காந்தல் குறைந்தது. திருப்புளிக்காரனும் அப்பப்போ லீவு போட்டான். நான் கால் நீட்டித் தூங்கினேன், அக்கா! தூங்கி எழுந்தால் ஜாக்கெட் நனைந்திருக்கும். மார் இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு, தொட்டால் உயிர் போகும். இடுப்பில் இருந்து வலி கிளம்பி மேல் வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

மைனி இவருக்கு போன் போட்டு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். விவரம் சொல்லவில்லை போல. இவர் ஆபீஸ் விட்டு வரும்போது பந்து பந்தாக வாங்கி வந்திருக்கிறார், ஒரு கல்யாண வீட்டுக்கே போதும். முகமெல்லாம் மாப்பிள்ளைக் களை. "அக்காதான் சொன்னா, நெறைய வாங்கிட்டுப் போன்னு. தலைல வச்சுக்கோ" என்றார். இது தலைக்கு இல்லீங்க, நெஞ்சில் கட்டிக்கொள்ள, பால் வற்றுவதற்கு என்றேன். இவருக்கு முகம் எப்படிப் போனது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானே சிரித்தேன். அப்புறம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, சரத்தின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பூவைத் துணியில் பரப்பிக் கொடுத்தார். பூ வாட வாட மாற்றினோம். எனக்கு இப்போதும் கோயிலில் யாராவது முன் பெஞ்சில் பூ வைத்து வந்தால் மார் கனக்கிறது.

பால் வற்றியபிறகு ஒரு ஞாயிறு, பூசை முடித்துத் திருநெல்வேலிக்குப் போனோம்.

வாசலிலேயே நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள் மைனி. கை வைத்த நாற்காலி, முதுகுக்குத் தலையணை, காலுக்குக் குட்டை ஸ்டூல். எல்லாம் திட்டம் போட்டுத்தான். என்னை முதலில் உட்கார வைத்து, சாய்ந்துகொள்ளச் சொல்லி, அதன் பிறகுதான் உள்ளே போய் எலியைத் தூக்கி வந்தார்கள். நான் வைத்தனுப்பிய அந்தப் பிடிக்காத கவுன்தான் போட்டிருந்தாள். அதில் நன்றாகத்தான் இருந்தாள்.

மடியில் வைத்தார்கள். எலி என்னைப் பார்த்தாள். என் நெஞ்சை முகர்ந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தாலிச் செயின் ஞாபகம் வந்து அதைப் பிடித்துத் திருக ஆரம்பித்தாள். நான் மூச்சை அடக்கிக் காத்திருந்தேன், வலிக்காக. இந்நேரம் வந்திருக்கணும், இடுப்பில் இருந்து கிளம்பித் தொடைக்கு வந்திருக்கணும். எலி மடியிலேயே ஒரு குதி குதித்தாள். இப்போது வரும் என்று பல்லைக் கடித்தேன். வரவில்லை.

அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை, தோள் குலுங்குகிற அழுகை. உடனே மைனி, "பாத்தியா, வலிக்கி" என்று சொல்லிப் பிள்ளையை என் மடியில் இருந்து தூக்கிவிட்டார்கள்.

"வலிக்கலை மைனி."

"ஆமா, நீ என்னைக்கு வலிக்கின்னு சொல்லியிருக்க."

இவரும் பின்னால் நின்று, "அவ அப்படித்தான்க்கா சொல்லுவா" என்றார்.

"நெசமாவே வலிக்கலை மைனி. குடுங்க."

மைனி எலியை இடுப்பில் வைத்தபடி என் முகத்தையே பார்த்தார்கள்.

"பின்ன எதுக்குட்டி அழுத?"

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை, துடைத்தால் கையை எடுக்க வேண்டும். மைனி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். என் கையைத் தன் கையால் கீழே தாங்கிப் பிடித்திருந்துவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல கனமாக இருந்தாள். வேளாவேளைக்குக் கொடுத்திருப்பார்கள் போல.